வீட்டுக் கணக்கு மேக்குக்கு மாறிய கதை

போன வருடம் குற்றாலச் சாரல் சமயத்தில் லீவில் வந்தபோது என் கணவர் ஒரு மேக் லேப்டாப் கொண்டுவந்தார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது தென்காசியில் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். பால்பவுடர், தலைவலித் தைலம், பேரீச்சம்பழம், டார்ச் லைட், கனமான போர்வை ஒன்று. இந்தத் தடவை போர்வையைப் பிரித்தால் நடுவில் வெள்ளி நிறத்தில் இது இருந்தது. மகளுக்கு என்றுதான் நினைத்தேன். அவள் திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். நல்ல லேப்டாப் வேண்டும் என்று வெகுநாளாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை என் கையில் கொடுத்து, உனக்குத்தான், வீட்டுக் கணக்கு எழுத, என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக் கணக்கு எழுத என்னிடம் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. படுக்கையறை மூலையில், கறுப்பு டப்பாவும் பெரிய திரையுமாக, பழைய துண்டு போர்த்தி வைத்திருந்தேன். விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் வீட்டுக் கணக்குக்கென்றே உள்ள ஒரு மென்பொருள். மகள் சின்ன வகுப்பு படிக்கும்போது வாங்கியது. நான் பி.காம் படித்தவள், படித்து முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. படித்த படிப்பை நான் காட்டிய ஒரே இடம் அந்த மூலைதான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் அங்கிருந்து போன் பேசுவார். பேசி முடித்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த வாரத்துச் செலவையெல்லாம் ஏற்றுவேன். பால், மீன், கரண்ட் பில், மாமியின் மாத்திரை, மகளின் பஸ் பாஸ், எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு. காய்ச்சல் வந்தாலும் வெள்ளிக்கிழமைக் கணக்கு நின்றதில்லை. மாமி என்று நான் கூப்பிடும் என் மாமியார் இதைத் தன் தங்கச்சியிடம் போனில், அவ பொட்டிகிட்ட உக்காந்துட்டா, இனி வீடு இடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டா, என்று சொல்லுவார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் லீவுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. முதல் சில நாள் வருவோர் போவோர், விருந்து, சலாம் சொல்லப் போவது. கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் மதியம், பிரியாணிக்குப் பின்னால், மனைவி கணக்கு ஒப்பிப்பாள். சில வீடுகளில் அன்று சண்டை நிச்சயம். சில வீடுகளில் அழுகை. என் வீட்டில் இரண்டே இரண்டு தாள். நான் அச்செடுத்து அவர் முன்னால் வைப்பேன். அவர் மேலாகப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "சரி" என்பார். அந்தச் "சரி" எனக்குப் பட்டம் வாங்கின மாதிரி. இத்தனை வருடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதை நான் அக்கம்பக்கத்தில் சொல்லாமலும் இருந்ததில்லை.

இந்தத் தடவை அவர் தாளை மடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே, கம்பெனியில் புது அக்ரிமென்ட் போடச் சொல்கிறார்கள் என்றார். அவர் அங்கே ஒரு கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையெழுத்து, ஒரு தடவை லீவு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். வருடம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போட்டுட்டு இன்னும் ரெண்டு வருசம் இருக்கவா, இல்ல கேன்சல் பண்ணிட்டு வந்துரவா? நீயும் நானும் பாத்து முடிவு பண்ணணும்," என்றார்.

கேன்சல் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம். விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் மேக்காம். அதில் ஒரு கணக்கு மென்பொருளை அவருடைய நண்பர் ஒருவர் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் இங்கே எழுதுவதை அவர் அங்கே தன் போனில் அப்படியே பார்க்கலாம். வருகிற வருடங்களில் கையிருப்பு எப்படிப் போகும் என்று கோடு போட்டுக் காட்டுமாம். என் பழைய கம்ப்யூட்டர் வீட்டு மூலையோடு சரி, அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பார்க்க முடியாது என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. கணவர் வந்துவிடுவாரோ என்று பயந்தேன் என எழுதினால் படிக்கிறவர்கள் என்னை என்ன நினைப்பார்களோ தெரியாது. ஆனால் அதுதான் உண்மை. மகளுக்குப் படிப்பு முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் கல்யாணம். மாமிக்கு மாதா மாதம் மருந்து. எங்கள் தெருவில் கேன்சல் பண்ணிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் ராஜா. ஆறாவது மாதம் ஒரு செல்போன் கடை. அதை மூடிவிட்டு வேறு ஏஜென்ட்டைப் பிடித்துத் திரும்பப் போனவர்கள், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றிச் சண்டை போடுவது சுலபமாக இருந்தது. அதைப் போட்டேன்.

இத்தனை வருடம் ஒரு கேள்வி கேட்காத மனுசருக்கு இப்போது தினமும் என் செலவைப் பார்க்க வேண்டுமா என்று ஆரம்பித்தேன். சாரல் ஈரத்துக்கு இந்த ஊரில் கதவே ஊதிப்போகிறது, அந்த மெல்லிசு தகடு தாங்குமா என்றேன். பழைய கணக்கெல்லாம் அதில் வருமா என்றேன். என் விரலுக்குப் பழகின பொத்தான் எல்லாம் அதில் வேறு வேறு இடத்தில் இருக்கிறது என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் கேட்போம் என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எத்தனையோ வருடமாக என் கம்ப்யூட்டரைத் தூசி தட்டிக் கொடுப்பவர். அவர் என் கட்சிதான் பேசுவார் என்ற தைரியத்தில் போனேன். முதலில் பேசவும் செய்தார். என் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், மேக்கில் இருப்பது வேறு சாமான், பழைய கோப்பை அது அப்படியே திறக்காது என்றார். மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட வைக்கிற வழியும் உண்டு, ஆனால் வீட்டுக் கணக்குக்காக அந்தப் பாடு படுவானேன் என்றார். மேக்கில் உள்ளதற்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். என்னுடையதற்கு ஒரு தடவை கொடுத்த காசோடு சரி. ரிப்பேர் என்றால் விண்டோஸை அவர் கடையிலேயே பார்த்துவிடுவார், மேக்கைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடைக்கு வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அண்ணாச்சி காலை வாரினார். என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போகிற நிலைமையில் இருக்கிறது, போன தடவையே சொன்னேனே என்றார். எப்படியும் புதுசு ஒன்று வேண்டும். பழைய வரவு செலவுகளை வெறும் அட்டவணையாக எடுத்து மேக்கில் ஏற்றவும் முடியும், தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் லேப்டாப்பே வாங்கினாலும் அது மேக்குக்குக் குறைச்சல் இல்லை.

"மேக்கா விண்டோஸாங்கது ரெண்டாவது தங்கச்சி. கணக்கை ஒருத்தர் பாக்கப்போறியளா, ரெண்டு பேரு பாக்கப்போறியளா? அத மொதல்ல சொல்லுங்க," என்றார்.

ஒருவர் என்று நான் சொன்னேன். இரண்டு பேர் என்று என் கணவர் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அண்ணாச்சி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் மூன்று டீ சொன்னார். 

வீட்டுக்கு வந்து ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பழைய கணக்கை மேக்கில் ஏற்றிப் பார்ப்பது. ஒரு மாதம் இரண்டிலும் எழுதுவது. எனக்குப் பிடிக்காவிட்டால் மேக் மகளுக்கு. இதைக் கேட்டதும் மகள் போனில், "உம்மா, உனக்குப் பிடிக்காது உம்மா," என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் எல்லாரும் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் குளிக்க விடவில்லை. பழைய குற்றாலத்துக்குப் போனால் அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. கடைசியில் யாரும் நனையாமல், மாமி மட்டும் தூறலில் நனைந்து, புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வருகிற வழியில் இலஞ்சியில் இறங்கி எங்கள் சின்னத் தென்னந்தோப்பை எட்டிப் பார்த்தோம். குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அவர் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி. வண்டி நிறுத்தின சீட்டு, சாப்பாட்டு பில், மங்குஸ்தான் விலை எல்லாம் என் கைப்பைக்குள் போனதைப் பார்த்து, இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவாய் என்று கேட்டார். அதற்கெல்லாம் தலைப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தலைப்புகளைப் பொருத்தும் வேலையை ஒரு மதியம் இரண்டு பேருமாகச் செய்தோம். மேக் பழைய தலைப்பை ஒவ்வொன்றாகக் காட்டும். இது வரவா, செலவா, வீட்டில் யாருக்கு உரியது என்று கேட்கும். அவர் வாசித்தார், நான் பதில் சொன்னேன். தலைப்புகளை நான் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தேன். அவற்றை அவர் வெள்ளைக்காரன் மாதிரி வாசித்து மகளைச் சிரிக்க வைத்தார். அவள் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். மகள் படிப்பு, மகள் உடுப்பு, மகள் பஸ். மாமி மருந்து, மாமி கண்ணாடி, மாமி தர்மம். என் பேரில் தையல் கூலி, பல் டாக்டர். பேங்க் வட்டிக்கு வந்ததும் மேக் அதைத் தானாகவே வரவில் தூக்கிப் போட்டது. எங்கள் வீட்டில் வட்டியைத் தொட மாட்டோம். தனியே வைத்திருந்து கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அதை வரவு இல்லை என்று மேக்குக்குப் புரிய வைப்பதற்குள் எங்களுக்கு இன்னொரு டீ தேவைப்பட்டது.

வரவுப் பட்டியலில் மூன்று தலைப்பு இருந்தது. தோப்புக் குத்தகை, மாடி வாடகை, அதற்குக் கீழே அவர்.

"வாடகைக்குக் கீழயா என்னைப் போட்டுருக்க?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

கடைசியாக மிஞ்சியது "விருந்து" என்ற தலைப்பு. அதில் இருந்த தொகை பெரியது. யாருக்கு இவ்வளவு விருந்து வைத்தோம் என்று அவர் அதைத் திறந்தார். உள்ளே இருந்தவை எல்லாம் அவர் லீவில் வந்த மாதங்கள். ஒவ்வொரு வரியாக வாசித்தார். சவர பிளேடு. பனியன். நெய்மீன். அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கின செலவு. வேட்டி. மூட்டு வலி எண்ணெய். ஏர்போர்ட் கார். மேலே, போன வாரம் நான் ஏற்றியிருந்த குற்றாலம், வண்டி நிறுத்தியதும் மங்குஸ்தானும்.

"விருந்துன்னா நானா?" என்று கேட்டார்.

நான் விளக்கம் சொன்னேன். நல்ல விளக்கம்தான். வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று சராசரி தெரிந்தால்தான் குடும்பம் நடத்த முடியும். அவர் வருகிற மாதம் மட்டும் செலவு எகிறும். அதையும் சேர்த்தால் சராசரி கெட்டுப்போகும். அதனால் அந்தச் செலவைத் தனித் தலைப்பில் ஒதுக்கி, சராசரியில் சேர்க்காதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். பி.காம் பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்கள். அவர் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"கணக்கு சரிதான்," என்றார். மழை வலுத்துவிட்டது, ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வீட்டில் இருப்பது ஆறு ஜன்னல். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போய் சோப்பும் பேஸ்டும் வாங்கிவந்து பில்லை என்னிடம் நீட்டி, "விருந்துல எழுதிக்கோ," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பளாரென்று ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. வருடக் கடைசி வரை நேரம் கேட்டிருந்தார். சொன்னபடி நான் இரண்டிலும் எழுதினேன். மேக்கைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் நிறையச் சொல்வேன். அதில் எண்களுக்கென்று தனியாகப் பொத்தான் கட்டம் கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் பார்க்காமலே தட்டிக்கொண்டு போவேன். இதில் தேடித் தேடித் தட்ட வேண்டியிருந்தது. அண்ணாச்சி கடையில் எண் பொத்தான் மட்டும் உள்ள சின்னப் பலகை ஒன்று வாங்கிச் சொருகின பிறகுதான் மூச்சு வந்தது. பிரின்டர் அதோடு ஒத்துப்போக மாட்டேன் என்றது. கேபிள் சொருகுகிற ஓட்டை சின்னது, அதற்கு ஒரு இணைப்பு, அதற்குத் தனிக் காசு. நல்லதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் பழையதின் யுபிஎஸ் குழந்தை மாதிரி அலறும், நான் அரைகுறையாக மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். மேக் அது பாட்டுக்கு வேலை செய்யும். சூடாகவில்லை, சத்தம் இல்லை. சாரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாத முடிவில் இரண்டிலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வந்தது. பழையதின் மேல் துண்டைப் போர்த்தினேன்.

அவர் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது முதலில் முதுகில் யாரோ நிற்பது போல இருந்தது. ஆனால் செலவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. சுரண்டைக்கு எதற்குப் போனாய், அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள். இந்த வாரம் மீனே வாங்கவில்லையே, மழையா என்று ஒரு நாள். மகளுக்கு இரண்டு ஜோடி செருப்பு எதற்கு என்று கேட்பார் என நான் எதிர்பார்த்தேன். பழைய செருப்பு அறுந்து நடுரோட்டில் நின்றாளா என்று கேட்டார். எங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சு அதுவரை பணம் வந்ததா, கையில் கிடைத்ததா, எல்லாரும் சுகமா என்ற மூன்று கேள்வியில் முடிந்துவிடும். இப்போது நீண்டது. எனக்கு அது பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி மழையின்போது ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வந்துவிட்டால் கையிருப்பு எப்படிப் போகும் என்று அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். அவர் சம்பளத்தை வரவிலிருந்து எடுத்துவிட்டேன். கம்பெனி கணக்கு முடித்துத் தரப்போகும் தொகையைச் சேர்த்தேன். தோப்பு, மாடி வாடகை, சேமிப்பு. மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் தனியே ஒதுக்கினேன். மாதச் சராசரிச் செலவை மேக் தானே எடுத்துக்கொண்டது. கோடு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. கொஞ்சம் சரிந்து, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நேராகத்தான் போனது.

அதற்குள் போன் வந்துவிட்டது. அவரும் அங்கே பார்த்துவிட்டார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை.

"நிக்குதே ஏட்டி. நான் வந்தாலும் நிக்குதே," என்றார்.

அவர் நிறைய பேசினார். தோப்பைக் குத்தகையிலிருந்து திருப்பி நாமே பார்க்கலாம் என்றார். காலையில் மாமியை டாக்டரிடம் தானே கூட்டிப்போவேன் என்றார். மார்கழிக்குள் வந்துவிடலாம் என்றார். நான் ம் கொட்டிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சராசரி என் கண்ணில் பட்டது. அது எந்தச் சராசரி என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் மூன்று பேர் சாப்பிட்ட சராசரி. நான்தான் அதை அப்படிச் சுத்தமாக வைத்திருந்தேன். விருந்து என்ற தலைப்பைச் சேர்க்காதே என்று பழையதில் சொல்லிவைத்ததையே, தலைப்புகளைப் பொருத்தியபோது மேக்கிலும் சொல்லிவைத்திருந்தேன். அவர் ஊரோடு வந்துவிட்டால் நிற்கும் என்று கோடு காட்டிய அந்த வீட்டில் அவர் இல்லவே இல்லை.

அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னால் அதை நிறுத்த முடியவில்லை. இருக்கட்டும், இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அந்தத் தலைப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. அவர் வந்த பிறகு மெல்லத் தெரியட்டும். ஆனால் ஸ்டோரில் ஆணியைக்கூட எண்ணி வைக்கிற மனுசர் அவர். தெரிந்தே தப்புக் கணக்கைக் காட்டி அவரை வரவழைத்தேன் என்றால் அது எனக்கே தாங்காது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் மேக்கைத் திறந்தேன். அவர் பேரில் வீட்டு ஆளாக ஒரு தலைப்பு திறந்தேன். விருந்தில் கிடந்த பிளேடு, பனியன், நெய்மீன், மூட்டு எண்ணெய் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். வந்தவர்களுக்கு நிஜமாகவே பிரியாணி போட்ட செலவை மட்டும் விருந்திலேயே விட்டேன். அவர் இருந்தால் ஒரு மாதம் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று லீவு மாதங்களை வைத்து எடுத்துச் சராசரியில் சேர்த்தேன். மேக் கோட்டை மறுபடி போட்டது. கொஞ்ச தூரம் நேராகப் போனது. மகள் கல்யாணத்துக்கு நான் குறித்திருந்த வருடத்தைத் தாண்டியதும் கீழே இறங்கி, கையிருப்பு போதாது என்று சிவப்பாக மாறியது.

அவரும் பார்த்திருந்தார். போன் வந்தது. அவர் பக்கம் பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்து போகிற சத்தம் கேட்டது. என்ன மாற்றினேன் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர், பார்த்தேன், என் பேரையும் பார்த்தேன், என்றார். கல்யாணத்துக்குப் பிறகுதானே சிவப்பு, ஆனாலும் சிவப்பு சிவப்புதான் என்று தானே சொல்லிக்கொண்டார். தோப்பைப் பற்றி இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.

"சரி. அப்ப நான் கையெழுத்து போட்டுருதேன்," என்றார்.

இத்தனை வருடம் நான் கேட்டு மகிழ்ந்த அதே "சரி"தான்.  கல்யாணம் ஆன நாளிலிருந்து மிச்சம் பிடிப்பதையே பேசிப் பழகிய வாய் என்னுடையது. அதிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"போடாதிய மச்சான்," என்றேன். "நாலு பேரு இருக்க வீட்டுல குறையத்தான் செய்யும். வாங்க."